படம் கும்பிடவா, கேள்வி கேட்கவா?
(வாசகசாலை ஆண்டு விழாவில் செய்த பிரசங்கம்)



சமீபத்தில் படித்த புஸ்தகங்களைப் பற்றி நமது அபிப்பிராயத்தைச் சொல்லும்படி இந்த வாசகசாலை நிர்வாகிகள் கேட்டுக் கொண்டார்கள். நாம் காலேஜில் படித்துப் பட்டம் வாங்கினதில்லை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, பொட்டலம் கட்டி வந்த காகிதத்தையும் சுவரில் ஒட்டிய நோட்டீசையும் எழுத்துக் கூட்டிப் படித்தே பழகினோம். ஆகவே பண்டிதர்கள் மாதிரி நயம் எடுத்துக் காட்ட நம்மால் ஆகாது. படித்தபோது நமது புத்திக்குப் பட்டதை மாத்திரம் சொல்லுகிறோம்.

இன்று நாம் எடுத்துக் கொண்டவை மூன்று படக்கதைப் புஸ்தகங்கள். "இதென்ன, சிறுபிள்ளைச் சமாசாரம்!" என்று சிலர் சிரிக்கலாம். நமது சிறு வயதில் முத்து காமிக்ஸ் ஒன்றைப் பாடப் புஸ்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்ததற்காக வாத்தியார் பிரம்பால் அடித்தார். அதே வாத்தியார், வகுப்புச் சுவரில் மாட்டியிருந்த சாமி படத்துக்குப் பூப்போட்டுக் கும்பிடச் சொன்னார். கும்பிடாதவனுக்கும் அடிதான். ஒரு படத்தைப் பார்த்தால் அடி. மற்றொரு படத்தைப் பார்க்காவிட்டால் அடி! இந்த வித்தியாசம் ஏன் என்பது அன்று விளங்கவில்லை. சுவரில் இருந்த படம் வாயை மூடிக்கொண்டு நில் என்றது, புஸ்தகத்திலிருந்த படமோ "பிறகு என்ன ஆயிற்று? ஏன் அப்படி ஆயிற்று?" என்று கேட்கும்படி தூண்டிற்று. விஷயம் இவ்வளவுதான்.

முதலாவது புஸ்தகம் "மௌஸ்" என்பது. ஆர்ட் ஸ்பீகல்மன் என்னும் அமெரிக்கர் எழுதி வரைந்தது. முதல் பாகம் 1986லும், இரண்டாம் பாகம் 1991லும் வெளிவந்தன. 1992இல் இதற்குப் புலிட்சர் சிறப்புப் பரிசு கொடுத்தார்கள். இவருடைய தகப்பனார் போலந்து நாட்டு யூதர். ஹிட்லர் கூட்டத்தார் யூதர்களை அடைத்துக் கொன்ற ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து உயிர் தப்பியவர். மகன் கேட்க, தகப்பனார் சொல்லுகிறார், அதுவே கதை. யூதர்களை எலிகளாகவும் ஜெர்மானியர்களைப் பூனைகளாகவும் வரைந்திருக்கிறார்.

இதில் நாம் மிகவும் மதிப்பது எந்த இடத்தை என்றால், வழியில் நின்ற ஒரு கறுப்பரை மருமகள் காரில் ஏற்றிக் கொள்ளுகிற இடத்தையேயாகும். கிழவருக்கு வந்துவிட்டது கோபம்! அவன் திருடிவிடுவான் என்று புலம்புகிறார். "நாஜிகள் யூதரைப் பற்றிப் பேசினது போலவே நீங்களும் பேசலாமா?" என்று மருமகள் கேட்கிறாள். கிழவர் ஒத்துக் கொள்ளுகிறாரில்லை. அவ்வளவு கொடுமையை அனுபவித்தவருக்கும் தமக்குக் கீழே மிதிக்க ஒருவன் வேண்டியிருக்கிறது! தகப்பனார் ஆயிற்றே என்று மகன் இதை மறைக்கவில்லை. மேல்சாதியான் நம்மைத் தாழ்த்தினான் என்று குமுறுகிற நாம், நமக்கும் கீழே என்று வைத்திருக்கிறவனை எப்படி நடத்துகிறோம் என்பதை இங்கே உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டும்.

இதில் நமக்கு ஒரு ஆட்சேபணையும் உண்டு. ஒவ்வொரு ஜனசமூகத்துக்கும் ஒரு மிருகம் என்று வகுத்தால், பிறப்பிலேயே பேதம் உண்டென்று ஆகிவிடாதா? ஆசிரியரும் இதை உணர்ந்தே, இரண்டாம் பாகத்தில் ஓரிடத்தில் தம்மை எலி முகமூடி கட்டிய மனிதராக வரைந்து காட்டுகிறார். ஆனால் வேகமாகப் பக்கம் புரட்டுகிறவர்கள் இதைக் கவனிப்பார்களா என்பது நமக்குச் சந்தேகம்.

இந்தப் புஸ்தகத்தை அமெரிக்காவில் டென்னஸி மாகாணத்து மக்மின் ஜில்லாப் பள்ளிக்கூட போர்டார் 2022 ஜனவரியில் பாடத்திலிருந்து ஏகமனதாக நீக்கினார்கள். காரணம் என்ன? சில கெட்ட வார்த்தைகளும் ஒரு நிர்வாணச் சித்திரமும் இருக்கின்றனவாம்! லட்சக்கணக்கான ஜனங்களைக் கொன்ற சங்கதி அவர்களுக்கு ஆபாசமாகப் படவில்லை. வசவுதான் ஆபாசமாகப் பட்டது! அதன் பலன், கடைகளில் அப்புஸ்தகத்தின் விற்பனை பெருகிற்று.

இரண்டாவது, "மார்ச்" என்னும் மூன்று பாகப் புஸ்தகம். 2013 முதல் 2016 வரையில் வெளிவந்தது. அமெரிக்கக் காங்கிரஸ் சபை அங்கத்தினராயிருந்து 2020இல் காலமான ஜான் லூயிஸின் ஜீவிய சரித்திரம். அவரும் ஆண்ட்ரூ ஐடினும் எழுத, நேட் பவல் வரைந்தார். லூயிஸ் அலபாமாவில் ஏழைக் கறுப்புக் குடியானவர் வீட்டில் பிறந்து, சிறு வயதில் கோழிகளுக்குப் பிரசங்கம் செய்து பழகியவர். (சிரிப்பு) சிரிக்காதீர்கள், நமக்கும் சில ஊர்களில் அப்படிப்பட்ட கூட்டம் வாய்த்ததுண்டு!

அவர் 1956இல், தமது பதினாறாவது வயதில், ஊர்ப் பொது நூல்நிலையத்துக்குப் போய்ச் சந்தாச்சீட்டுக் கேட்டார். வெள்ளையருக்கு மாத்திரமே என்று துரத்தி விட்டார்கள். 2016இல் இந்த "மார்ச்" மூன்றாம் பாகத்துக்கு அமெரிக்கத் தேசியப் புஸ்தகப் பரிசு கிடைத்தபோது அதை அவரே கண்ணீரோடு சொன்னார். 1957இல் மான்ட்கோமரி பஸ் மறியலைப் பற்றி ஒரு சிறு படக்கதை பத்து சென்ட் விலைக்கு வெளிவந்தது. அதையும் வாசித்துப் பக்குவப்பட்ட வாலிபர்கள், ஒருவரையொருவர் திட்டியும் தள்ளியும் பொறுமை பழகிக்கொண்டு, 1960இல் நாஷ்வில் நகரச் சாப்பாட்டுக் கடைகளில் போய் உட்கார்ந்தார்கள். 1965 மார்ச் 7ந் தேதி செல்மா பாலத்தில் போலீஸ் தடியால் லூயிஸின் மண்டை உடைந்தது. படக்கதை சிறுபிள்ளைச் சமாசாரம் என்பவர்கள் இதற்கு என்ன சொல்லுகிறார்கள்?

அவர் தமது தைரியத்தை வேதத்திலிருந்து பெற்றதாகக் கருதுகிறார். நமது அபிப்பிராயம் வேறு. பிரித்து வைத்தவர்களும் அதே வேதத்தைக் காட்டித்தானே பிரித்து வைத்தார்கள்? எனவே அந்தத் தைரியம் அவருடைய சொந்தச் சொத்து என்பதே நமது முடிவு.

மூன்றாவது நமது நாட்டு விஷயம். 2011இல் வெளிவந்த "பீமாயணா" என்னும் புஸ்தகம், தோழர் அம்பேத்கர் அனுபவித்த தீண்டாமைக் கொடுமைகளைச் சொல்லுகிறது. ஸ்ரீவித்யா நடராஜனும் எஸ். ஆனந்தும் எழுத, கோண்டு மரபுச் சித்திரக்காரர்களான துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்னும் தம்பதிகள் வரைந்தார்கள். பள்ளிக்கூடத்தில் சேவகன் வந்து ஊற்றினால்தான் தண்ணீர். அவன் வராத நாளில் தாகமே கதி. தகப்பனாரைப் பார்க்கக் கோரேகாவுக்குப் போன பிள்ளைகளுக்கு வண்டி ஓட்ட மறுத்த வண்டிக்காரன், இரட்டிப்புக் கூலி வாங்கிக்கொண்டு, "நீங்களே ஓட்டுங்கள்" என்று கூட நடந்து வருகிறான். அவனுக்குத் துட்டில் தீட்டில்லை!

மனிதர்களைக் கட்டத்துக்குள் அடைக்க மாட்டோம் என்று இந்தச் சித்திரக்காரர்கள் பக்கமெல்லாம் திறந்து வரைந்திருக்கிறார்கள். நல்ல பேச்சுக்குப் பறவை வடிவம். விஷப் பேச்சுக்குத் தேள் கொடுக்கு. எழுத்துத் தெரியாதவரும் பேசுகிறவன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்து கொள்ளலாம். அம்பேத்கரைத் தாகத்தால் வாடும் சிறுவனாகக் காட்டியது நமக்கு மெத்தத் திருப்தி. ஆனால் "ஆயணா" என்று பெயர் வைத்ததில்தான் நமக்குப் பயம். நமது ஜனங்கள் நாளைக்கு அதற்கும் கற்பூரம் கொளுத்தினாலும் கொளுத்துவார்கள்!

நிற்க. சரஸ்வதி பூஜையன்று புஸ்தகத்தைப் படிக்கக் கூடாது, கும்பிட வேண்டும் என்கிற வழக்கம் நமது வீடுகளில் உண்டு. புஸ்தகத்தை உபயோகமற்றதாக்க இதைவிடச் சுலபமான வழி வேறில்லை. ஆகவே நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். இப்படிப்பட்ட படக்கதைகளை வாங்குங்கள். கண்ணாடி அலமாரியில் பூட்டாமல் மேஜையில் போடுங்கள். அழுக்கானால் ஆகட்டும். படிக்கத் தெரிந்த ஒருவர் வாரத்துக்கு ஒரு நாள் உரக்கப் படிக்க, தெரியாதவர்கள் படத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கட்டும். எந்தச் சாதியார் வந்தாலும், பெண்கள் வந்தாலும், கதவு திறந்திருக்கட்டும். லூயிஸுக்கு அந்த நூல்நிலையம் செய்ததை நமது வாசகசாலை எவருக்கும் செய்யக் கூடாது.

நாம் சொன்ன அபிப்பிராயங்களும் தவறாயிருக்கலாம். புஸ்தகத்தை வாங்கிப் பாருங்கள். நாம் சொன்னது உங்கள் புத்திக்குச் சரியென்று படாவிட்டால், அடுத்த ஆண்டு விழாவில் இதே மேடையில் ஏறி நம்மைக் கண்டியுங்கள். அதைக் கேட்க நாம் முன்வரிசையில் வந்து உட்காருவோம்.