ஒன்ராறியோ ஏரியின் மீன்களும் நம் உவமைகளும்



பத்தாண்டு நிறைவு விழாவிலே கவிதை குறித்துப் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தார். மீன்பிடி பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் சற்றே திகைத்தார். முடிவில் கவிதைக்கு வந்து சேர்வேன் என்று வாக்களித்த பின்னரே இம்மேடை எனக்குக் கிட்டியது.

நம் வட்டத்தில் இதுவரை படிக்கப்பட்ட கவிதைகளில் ஒன்ராறியோ ஏரி பலமுறை வந்து போயிருக்கிறது. நானும் எழுதியிருக்கிறேன். அக்கவிதைகளில் ஏரி பெரும்பாலும் ஊர்க் கடலின் நிழலாகவே கிடக்கிறது. அலை உண்டு, உப்பில்லை. கரை உண்டு, நம் வள்ளம் இல்லை. இவ்வாறு இல்லாதவற்றைக் கொண்டே அதனை வருணித்து வந்தோம். அதனுள் இருப்பது என்ன என்று கேட்டோமா? சென்ற ஓகஸ்ட் மாதத்தில் ஒருநாள் என் தந்தையார் என்னை அக்கேள்வியின் முன் நிறுத்தினார்.

தந்தையார் மயிலிட்டியில் கடற்றொழில் செய்தவர். 1990 இல் இடம்பெயர்ந்த பின் அவர் வலை தொடவில்லை. 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகம் விடுவிக்கப்பட்ட செய்தியை ரொறன்ரோவில் இருந்தவாறே கேட்டார், ஒன்றும் சொல்லவில்லை. இப்போது எண்பதைக் கடந்துவிட்டார். ஒருநாளாவது அவரை நீரின்மேல் கொண்டுபோக வேண்டும் என்ற ஆசையினால், சால்மனும் திரவுற்றும் பிடிக்கச் செல்லும் வாடகைப் படகொன்றில் இருவருக்கு இடம் பதிவு செய்தேன்.

அதன் முறைமையைச் சொல்கிறேன். படகு, தூண்டில், இரை, உதவியாள் எல்லாம் படகோட்டியின் பொறுப்பு. பணமும் மீன்பிடி அனுமதிப் பத்திரமும் நம்முடையவை. மீன் பட்டதும் தூண்டிற்கோலை நம் கையில் தருவார்கள். நாம் இழுக்க வேண்டும். தந்தையார் சிரித்தார். "ஊரிலை சம்மாட்டி வள்ளமும் தந்து பங்கும் தருவார். இஞ்சை தொழிலாளிதான் சம்மாட்டிக்குக் காசு குடுக்கிறான்" என்றார்.

விடியுமுன் புறப்பட்டோம். கோடையில் ஏரியின் மேல்நீர் சூடேறி, அடியிலுள்ள குளிர்நீருடன் கலவாமல் ஒரு போர்வைபோல் கிடக்கும். சினூக் என்னும் பெருஞ்சால்மன் 10 முதல் 13 பாகை வரையிலான குளிர்ச்சியை விரும்புவது. ஆதலால் அக்குளிர்நீர் எத்தனை அடி ஆழத்தில் தொடங்குகிறது என்பதைக் கண்டறிவதே படகோட்டியின் முதல் வேலை. பத்து இறாத்தல் எடையுள்ள உலோகக் குண்டைக் கம்பியில் கட்டி அவ்வாழத்துக்கு இறக்குகிறார்கள். தூண்டில் நூலை அக்கம்பியில் ஒரு கவ்வியால் மாட்டுகிறார்கள். தகட்டு இரை பின்னால் மினுங்கிக்கொண்டு வர, மணிக்கு இரண்டு மூன்று மைல் வேகத்தில் படகு ஊர்கிறது. மீன் கவ்வினால் நூல் கவ்வியிலிருந்து விடுபடும். வளைந்திருந்த கோல் சட்டென்று நிமிரும்.

இவற்றை நான் தமிழில் விளக்கிக்கொண்டிருந்தேன். தந்தையாரோ காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மேல்காற்று அடிச்சால் கரைக்குக் குளிர்தண்ணி வருமோ எண்டு கேள்" என்றார். கேட்டேன். படகோட்டி வியப்புடன் திரும்பிப் பார்த்தார். ஏரியின் வடகரையில் நடப்பது அதுவே. மேல்காற்று மேல்நீரைக் கரையினின்று விலக்க, அடிநீர் மேலேறும். மீனும் உடன் வரும். அதன்பின் அவ்விருவருக்கும் என் மொழிபெயர்ப்பு அதிகம் தேவைப்படவில்லை.

முதல் மீன் பட்டது. உதவியாள் நீட்டிய கோலைத் தந்தையார் வாங்கிக்கொண்டார். இருபது நிமிடம் இழுத்தும் விட்டும், யார் கையிலும் அதனைக் கொடாமல், படகுக்கு அருகே கொண்டுவந்தார். இருபது இறாத்தலுக்குக் குறையாத சினூக். அவர் குனிந்து பார்த்தார். முதுகின் பின்புறத்தில், வாலுக்கு முன்னே இருக்க வேண்டிய சிறு செட்டை அதற்கு இல்லை.

"தம்பி, இதின்ரை செட்டையை ஆர் வெட்டினது?"

குஞ்சு பொரிக்கும் நிலையத்தில் அடையாளத்துக்காக வெட்டியிருப்பார்கள் என்றார் படகோட்டி. அவர் சொன்னவற்றோடு, பின்னர் நான் தேடிப் படித்தவற்றையும் சேர்த்து உங்கள்முன் வைக்கிறேன்.

இந்த ஏரிக்கு உரிய சால்மன் அத்திலாந்திக் சால்மன். ஆலைகளுக்காக ஓடைகளில் அணை கட்டினோர், காடுகளை வெட்டினோர், அளவின்றி மீன் பிடித்தோர் எனப் பலரும் சேர்ந்து 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அதனை அற்றுப்போகச் செய்தனர். நியூகாசில் ஊரில் சாமுவேல் வில்மற் 1860களிலேயே குஞ்சு பொரிக்கும் நிலையம் அமைத்தும் அதனைக் காக்க இயலவில்லை. ஏரித் திரவுற்றும் 1950களுக்குள் இங்கே அழிந்தது. மீனின் உடலில் ஒட்டிக் குருதி உறிஞ்சும் லாம்பிரே அதற்கொரு காரணம். வேட்டையாடும் பெருமீன்கள் இல்லாத பேரேரிகளில் ஏல்வைஃப் என்னும் சிறுமீன் கட்டின்றிப் பெருகிற்று. 1967 இல் மிச்சிகன் ஏரிக் கரைகளில் அது மலைமலையாய்ச் செத்து ஒதுங்கியது. அதற்கு முந்திய ஆண்டிலேதான் மிச்சிகன் மாநிலத்தின் ஹாவர்ட் ரானர், பசிபிக் கரையிலிருந்து பெற்ற முட்டைகளில் பொரித்த கோஹோ சால்மன் குஞ்சுகளை அவ்வேரியில் சேரும் ஆறுகளில் விட்டிருந்தார். சினூக்கும் தொடர்ந்தது. 1968 முதல் ஒன்ராறியோ ஏரியிலும் பசிபிக் சால்மன்களை விடலாயினர். இன்றைய வாடகைப் படகுத் தொழில் அவற்றின்மீது எழுந்ததே.

இரண்டாவது மீனும் சினூக்கே. அதன் செட்டை முழுமையாக இருந்தது. 2008 முதல் சில ஆண்டுகள் ஏரியில் விட்ட சினூக் குஞ்சுகளுக்கெல்லாம் செட்டை வெட்டிப் பார்த்தபோது, பிடிபட்டவற்றில் ஏறத்தாழப் பாதி வெட்டுப்படாதவை. ஏரியைச் சேர்ந்த ஓடைகளிலேயே பிறந்தவை. இதைச் சொன்னதும் தந்தையார், "அப்ப இது இந்த ஊர் மீன்தான்" என்றார்.

கவிஞர்களே, அக்கணத்தில் என் மனத்தில் என்ன எழுந்திருக்கும் என்று நீங்கள் அறிவீர்கள். தொலைவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட மீன், அதன் பிள்ளைகள் இம்மண்ணுக்கு உரியவை. நம் கதைக்கு இதைவிடப் பொருத்தமான உவமை ஏது? வீடு வந்ததும் எழுத அமர்ந்தேன். நான்கு வரிகளுக்குமேல் ஓடவில்லை.

காரணம் இதுதான். நாம் அஞ்சி ஓடிவந்தோம். அந்த மீனோ, ஒரு குறையை ஈடுசெய்யவும் பிறர் விளையாடவும் ஒரு கருவியாகக் கொண்டுவரப்பட்டது. அது நிரப்பிய இடம், ஏரியின் சொந்த மீன்கள் அழிந்ததனால் வெறுமையான இடம். அவற்றை உண்டு வாழ்ந்த முதற்குடி மக்களும் நிலமிழந்தனர். உவமை எழுதிய என் கை இவற்றையெல்லாம் மறைக்கப் பார்த்தது. இன்னொன்றும் உண்டு. ஹியூரன் ஏரியில் 2003, 2004 அளவில் ஏல்வைஃப் குன்றியதும் சினூக்கும் உடன் வீழ்ந்தது. ஆகவே, வேரூன்றிவிட்டது என்று மார்தட்டவும் இடமில்லை.

அன்று மாலை நடந்ததையும் சொல்ல வேண்டும். மீனை அறுத்த உதவியாள் தோலையும் வயிற்றுக் கொழுப்பையும் நீக்கித் தந்தான். பழைய தொழிற்சாலை நச்சு கொழுப்பில் தங்கும். பெரிய மீனை மாதத்துக்கு இத்தனை முறைக்கு மேல் உண்ணலாகாது என அரசு வழிகாட்டி நூலே உண்டு என்றான். தந்தையார் நெடுநேரம் பேசவில்லை. வழியில், "மீனைத் தின்னக் கணக்குப் பாக்கிற கடலை நான் காணேல்லை" என்று மட்டும் சொன்னார். அவ்வேரியைக் கடல் என்று அவர் சொன்னது அன்றுதான்.

அந்த வாசகத்தை நான் கவிதையாக்கவில்லை. அது அவருடையது. ஆனால் அதன் பின்னர் ஏரியைப் பற்றி எழுதும்போதெல்லாம், காற்று எத்திசை, நீர் எவ்வளவு குளிர், மீனின் பெயர் என்ன, அதை அங்கே விட்டவர் யார் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். 2006 முதல் அத்திலாந்திக் சால்மனை ஏரிக்கு மீட்டுக்கொணரும் முயற்சி தொடர்கிறது. மீன்களுக்காக ஊரவர் காட்டும் அப்பொறுமையைச் சொற்களுக்காக நாமும் காட்டலாம்.

அடுத்த பத்தாண்டில் நம் வட்டத்தில் படிக்கப்படும் ஏரிக் கவிதைகளில் ஏரி இருக்கட்டும். ஊர்க் கடலை நாம் மறக்க வேண்டியதில்லை. அதனை அறிந்தவர்தான் அன்று படகிலே காற்றைக் கேட்டார். அவர் கேட்டதுபோல் நாமும் கேட்போம். உவமை தானாக வரும்போது வரட்டும்.