ரெடிமேட் ராடா, அளவெடுத்துக் கட்டின ராடா?

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன எபிசோட்ல கொள்ளிடக் கரையில அப்பாவோட தூண்டில் போட்ட கதையைப் போற போக்குல ரெண்டு நிமிஷம் சொன்னேன். அதுக்கு வந்த மெசேஜ்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான். "ப்ரோ, ராடு கடையில ரெடிமேடா வாங்கலாமா? இல்ல, நமக்குன்னு கஸ்டமா கட்டித் தர்றாங்களாமே, அதை ஆர்டர் பண்ணலாமா?"

பதிலை முதல்லயே சொல்லிடறேன். முதல் ராடு ரெடிமேட் வாங்குங்க. ஆனா அதுக்கு ஒரு விதிவிலக்கு இருக்கு. எங்க வீட்ல அந்த விதிவிலக்கு எங்க அப்பா. அதனால இன்னைக்கு ராடு பத்தியும் பேசுவோம், அவரைப் பத்தியும் பேசுவோம்.

ரெண்டு ஊரு, ரெண்டு தண்ணி

எங்க அப்பா ஊர் அரியலூர் மாவட்டம், திருமானூர் பக்கம். அம்மா ஊர் பெரம்பலூர் மாவட்டம், வேப்பந்தட்டை பக்கம். ஒரு காலத்துல ரெண்டும் ஒரே மாவட்டம். 2001-ல அரியலூரைப் பிரிச்சாங்க, மறுபடி சேர்த்தாங்க, 2007-ல திரும்பவும் பிரிச்சாங்க. மாவட்டத்தைத் தான் அப்படிச் சேர்த்துப் பிரிச்சாங்க, தண்ணி எப்பவுமே வேற வேறதான்.

பெரம்பலூர் பக்கம் வருஷம் பூரா ஓடுற ஆறு கிடையாது. மானாவாரி பூமி. மக்காச்சோளம், பருத்தி. மீன் வேணும்னா ஏரிக்குத்தான் போகணும். ஐப்பசி கார்த்திகை மழையில ஏரி நிரம்பினா தாமரைக்கொடி, பாசி எல்லாம் மண்டிக் கிடக்கும். அதுக்குள்ளதான் விரால் பதுங்கியிருக்கும். முள்ளுல மாட்டினதும் அது கொடிக்குள்ள பாயும். அங்க வளைஞ்சு கொடுக்கிற மெல்லிசு ராடு வச்சிருந்தா கதை முடிஞ்சது. ஆறரை, ஏழு அடியில முரட்டுத்தனமான ராடு வேணும். மாட்டின நொடியே இழுத்து மேல கொண்டுவரணும்.

அரியலூரோட தெற்கு எல்லை கொள்ளிடம். திருமானூர், திருமழபாடி பக்கம் போனா அகலமான மணல் திட்டு. தண்ணி எங்கேயோ தள்ளி ஓடும். கெளுத்தி, கெண்டைக்கு ஈயம் கட்டி தூரமா வீசணும். அங்க ஒன்பது அடி ராடு, கொஞ்சம் வளையுற மாதிரி இருந்தா நல்லது. இன்னும் கீழே அணைக்கரைப் பக்கம் முதலை இருக்கு. நீளமான ராடு இருந்தா கரையை விட்டுத் தள்ளி நின்னே வீசலாம், அதுவும் ஒரு காரணம்.

ஆக, ரெடிமேடா கஸ்டமாங்கிறது ரெண்டாவது கேள்வி. எந்தத் தண்ணி, எந்த மீன்? இதுதான் முதல் கேள்வி. இதுக்குப் பதில் தெரியாம எவ்வளவு காசு போட்டாலும் தப்பான ராடுதான் வரும்.

தாழ்வாரத்துல தொங்கின மூணு கம்பு

நான் பார்த்த முதல் கஸ்டம் ராடு எங்க வீட்டுத் தாழ்வாரத்துல தொங்கிச்சு. அப்பா கல் மூங்கில்ல பார்த்துப் பார்த்து வெட்டுவாரு. உள்ள கெட்டியா இருக்கணும், கணு நெருக்கமா இருக்கணும். நிழல்ல காயவச்சு, கோணல் இருக்கிற இடத்தை அடுப்புத் தணல்ல வாட்டி நிமிர்த்துவாரு. மூணு கம்பு வச்சிருந்தாரு. வாய்க்காலுக்கு ஒண்ணு, ஏரிக்கு ஒண்ணு, ஆத்துக்கு ஒண்ணு. நரம்பும் முள்ளும் தக்கையும் வாங்கின காசுதான் செலவு.

அந்தக் கம்பு அவர் உயரத்துக்கு வெட்டினது. சின்னப் பையனா நான் எடுத்தா எனக்கு அடங்காது. அப்போ எனக்குப் புரியலை. அளவெடுத்துக் கட்டுறதுன்னா இதுதான்னு இப்போ புரியுது.

இந்தத் தேர்வு ஒண்ணும் புதுசில்லை. மெட்ராஸ் சிவில் சர்வீஸ்ல இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ்ங்கிற அதிகாரி 1873-லயே 'தி ராட் இன் இந்தியா'ன்னு ஒரு புத்தகம் எழுதினாரு. அப்புறம் 1887-ல ஏரி குளத்துத் தூண்டிலுக்குன்னே தனியா 'டேங்க் ஆங்லிங் இன் இந்தியா'. ஏரியில தூண்டில் போடுறது தனி வித்தைன்னு அவருக்கே தோணியிருக்கு பாருங்க.

மக்காச்சோள மெஷின்

நாலு வருஷம் முன்னாடி மாமா வயல்ல மக்காச்சோளம் அடிக்கிற மெஷின்ல அப்பாவோட வலது கை மாட்டிக்கிச்சு. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயிடுச்சு. கட்டைவிரலும் கடைசி ரெண்டு விரலும் இருக்கு. கையெழுத்து மறுபடி பழகினாரு, வண்டி ஓட்டப் பழகினாரு. மூங்கில் கம்பு மட்டும் பிடி நிக்கலை. கெண்டை இழுத்தாலே கம்பு கையில சுத்திக்கும். ஒரு நாள் மூணு கம்பையும் எடுத்து மாட்டுக் கொட்டகையில போட்டுட்டாரு. யாரும் எதுவும் கேட்கலை.

நான் சென்னையில, ஓஎம்ஆர்ல உட்கார்ந்துக்கிட்டு யோசிச்சேன். ரீல் வச்ச ராடுன்னா மீனோட இழுப்பை ரீல் வாங்கிக்கும். அதுல டிராக்னு ஒரு திருகு இருக்கு. மீன் ஓவரா இழுத்தா நரம்பு தானா நழுவிக் கொடுக்கும், கைக்குப் பாரம் குறையும். சரின்னு ஆன்லைன்ல ஏழடி ஸ்பின்னிங் ராடும் ரீலும் 3,800 ரூபாய்க்கு வாங்கி, தீபாவளிக்கு எடுத்துட்டுப் போனேன்.

ஸ்பின்னிங் ரீல்ல வீசும்போது நரம்பை ஆள்காட்டி விரல்லதான் பிடிச்சு, சரியான நேரத்துல விடணும். அப்பாவுக்கு வலது கையில அந்த விரலே இல்லை. வாங்கும்போது எனக்கு இது உறைக்கவே இல்லை! கரைக்குப் போனதுக்கு அப்புறம்தான் தெரிஞ்சது. மாத்தி இடது கையில பிடிச்சாரு. வீசினாரு. ஒரு கெளுத்தி மாட்டுச்சு. இடது மணிக்கட்டு தாங்கலை, ராடு திரும்பிக்கிச்சு, மீன் போயிடுச்சு. அப்பா ராடை மணல்ல வச்சாரு. "நல்லாத்தான் இருக்கு தம்பி, நீ வச்சிக்க"ன்னாரு. அவ்வளவுதான்.

தொழிற்சாலை என்ன பண்ணுது?

இங்க கொஞ்சம் இன்ஜினியரிங். ராடோட உடம்புக்கு பிளாங்க்னு பேரு. கார்பன் இல்லன்னா கண்ணாடி இழைத் துணியைப் பிசின்ல தோய்ச்சு, நுனி மெலிஞ்ச இரும்புக் கம்பியில சுத்தி, அடுப்புல வேகவச்சு, அப்புறம் கம்பியை உருவிடுவாங்க. சீனாவுல வெய்ஹாய்ங்கிற ஊர் இந்தத் தொழிலுக்கே பேர் போனது.

கஸ்டம் கட்டுறவரும் பெரும்பாலும் பிளாங்கை அவரே செய்யுறதில்லை. ரெடி பிளாங்க் வாங்கித்தான் கட்டுறாரு. அப்போ வித்தியாசம் எங்க? மூணு இடத்துல. கைப்பிடி எவ்வளவு நீளம், எவ்வளவு தடிமன். ரீல் எந்த இடத்துல உட்காருது. நரம்பு போற வளையங்கள் எத்தனை, எங்கெங்க. வளையத்துக்கு ஒரு சோதனை இருக்கு: ராடை வளைச்சுப் பார்த்தா நரம்பும் அதோட வளைவை ஒட்டியே போகணும். வளையம் குறைச்சலா இருந்தா நடுவுல நரம்பு நேர்கோடா வெட்டிக்கிட்டுப் போகும், பாரம் ஒரே இடத்துல விழும்.

தொழிற்சாலை சராசரிக் கைக்குச் செய்யுது. அதுல தப்பில்லை, அதனாலதான் விலை குறைவு. நம்மள்ல பெரும்பாலானவங்களுக்குக் கை கிட்டத்தட்ட சராசரிதான். சாஃப்ட்வேர்ல நாங்க தினமும் போடுற சண்டையும் இதுதான்: இருக்கிறதை வாங்குறதா, நாமளே கட்டுறதா? இருக்கிறது எங்க பத்தலைன்னு எழுதத் தெரியாதவன் சொந்தமா கட்ட ஆரம்பிச்சா ஆறு மாசம் வீணாப் போகும்.

அவர் கேட்ட கேள்விகள்

பெங்களூர்ல ராடு கட்டித் தர்ற ஒருத்தரைப் பிடிச்சு போன் பண்ணேன். முழு ராடுக்கு 14,000 ரூபாய் சொன்னாரு. நான் ரெடி. அவர்தான் ரெடி இல்லை. கேள்வியா கேட்டாரு. அப்பா நின்னு வீசுவாரா, உட்கார்ந்தா? ராடோட அடிப்பகுதி முழங்கைக்குக் கீழே எங்க வந்து முட்டுது? மீன் இழுக்கும்போது எந்த இடத்துல வலிக்குது? வலது உள்ளங்கையால ரீலைச் சுத்த முடியுதா?

எனக்கு ஒண்ணுக்கும் பதில் தெரியலை. அப்பா கையை நான் அவ்வளவு உத்துப் பார்த்ததே இல்லைன்னு அப்போதான் புரிஞ்சது. "இருக்கிற ராடை வச்சு மூணு மாசம் பிடிங்க சார், அப்புறம் கூப்பிடுங்க"ன்னு போனை வச்சுட்டாரு. பதினாலாயிரத்தை வேண்டாம்னு சொன்ன வியாபாரி!

அடுத்த முறை ஊருக்குப் போனப்போ சும்மா உட்கார்ந்து பார்த்தேன். முதல் கண்டுபிடிப்பு இலவசம்: பெரும்பாலான ஸ்பின்னிங் ரீல்ல சுத்துற கைப்பிடியைக் கழட்டி இடமோ வலமோ மாத்திக்கலாம். வலப்பக்கம் மாத்தினேன். இடது கையில ராடு, நரம்பைப் பிடிக்க இடது ஆள்காட்டி விரல். பிரச்சனையில பாதி ஒரே திருகுல தீர்ந்துச்சு. சின்னக் குமிழை எடுத்துட்டு உருண்டையா பெரிய குமிழ் போட்டதும் வலது உள்ளங்கையால சுத்த முடிஞ்சது.

மிச்சம் அந்த மணிக்கட்டு. ராடோட பின்பகுதி முழங்கை வரைக்கும் நீண்டு முட்டுக் கொடுத்தா பாரம் மணிக்கட்டுல இருந்து முன்கைக்குப் போயிடும். இதுக்கு நான் கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தேன். அப்பா எழுந்து கொட்டகைக்குப் போனாரு. பழைய ஆத்துக் கம்பை எடுத்து ஆறு அங்குலம் வெட்டினாரு. ராடோட அடியில வச்சு சைக்கிள் டியூப்ல இறுக்கிக் கட்டச் சொன்னாரு. நான் கட்டினேன்.

மூணு மாசம் அப்படியே ஓடுச்சு. ஆறு அங்குலம் உட்காரும்போது வயித்துல இடிச்சது, நாலு அங்குலம் சரியா இருந்துச்சு. ரெண்டு கையால வீச, அடியில தடியா ஒரு குமிழ் இருந்தா வலது கையில மிச்சமிருக்கிற விரல்களுக்குப் பிடி கிடைக்குதுன்னும் தெரிஞ்சது. பின்னாடி கனம் கூடினதால நுனி கனமும் தெரியலை.

இந்த அளவோட மறுபடி போன் பண்ணேன். "புது ராடு வேண்டாம் சார், இதையே அனுப்புங்க"ன்னாரு. அதே 3,800 ரூபாய் ராடோட கைப்பிடியை மட்டும் நீட்டி, புதுசாக் கட்டிக் கொடுத்தாரு. கூலி 2,600 ரூபாய்.

அப்போ நீங்க என்ன செய்யலாம்?

புதுசா ஆரம்பிக்கிறவங்க ரெடிமேட் வாங்குங்க. ஆனா கடையில கையில பிடிச்சுப் பாருங்க, ரீலை மாட்டிப் பாருங்க. வளையத்துக்குள்ள நகத்தை விட்டுப் பாருங்க, சொரசொரப்பு இருந்தா நரம்பு அறுந்துடும். மடக்கி நீட்டுற ராடு பைக்குள்ள அடங்கும், ஆனா ஒவ்வொரு இணைப்பும் ஒரு பலவீனம். விராலுக்கு அது வேண்டாம்.

ஒரு சீசன் பிடிங்க. எங்க வலிக்குது, எங்க மீன் தப்புதுன்னு எழுதி வைங்க. அந்தத் தாள்தான் உங்க கஸ்டம் ஆர்டர். தாள் காலியா இருந்தா ரெடிமேடே உங்களுக்குப் போதும்.

ஆனா உங்க வீட்ல யாருக்காவது கை, தோள், விரல் சராசரி இல்லைன்னா, "கஸ்டம் எல்லாம் எக்ஸ்பர்ட்டுக்கு"ன்னு யாரும் சொல்ல விடாதீங்க. எக்ஸ்பர்ட் எதை வச்சும் சமாளிச்சுடுவாரு. அளவெடுத்துக் கட்டுறது உண்மையில தேவைப்படுறது இவங்களுக்குத்தான்.

ரெண்டு எச்சரிக்கை. கார்பன் ராடுல மின்சாரம் பாயும். ஏரிக்கரை, வயல் பக்கம் தாழ்வா கம்பி போகும், அண்ணாந்து பார்த்துட்டு வீசுங்க. அப்புறம், ஏரி மீனை ஏலம் எடுத்தவர் இருப்பாரு, கேட்டுட்டுப் போடுங்க. கரைவெட்டி ஏரிப் பக்கம் ராடே எடுத்துட்டுப் போகாதீங்க. அது பறவைகள் சரணாலயம், 2024 ஜனவரியில ராம்சார் பட்டியல்லயும் சேர்ந்த இடம். பைனாகுலர் எடுத்துட்டுப் போங்க.

போன ஞாயித்துக்கிழமை காலையில வீட்டுக்கு போன் பண்ணேன். அம்மாதான் எடுத்தாங்க. "அப்பா எங்கம்மா?"ன்னேன். "விடியக் காலையிலயே கம்பைத் தூக்கிக்கிட்டு ஆத்துக்குப் போயிட்டாருடா. என்கிட்ட கூட சொல்லலை"ன்னாங்க. குரல்ல கோவம் மாதிரி இருந்துச்சு, ஆனா கோவம் இல்லை.

சாயங்காலம் அப்பாகிட்ட ராடு எப்படியிருக்குன்னு கேட்டேன். "கொஞ்சம் கனம்தான். அடுத்த தடவை ஒரு அங்குலம் குறைக்கச் சொல்லு"ன்னாரு. தாள்ல எழுதி வச்சிருக்கேன்.

உங்க வீட்டுத் தாழ்வாரத்துல தொங்குற கம்போட கதை இருந்தா அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.