பள்ளிக்குப் பின் எவ்வழி?



ஆண்டுதோறும் பத்தாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளியாகும் நாளில் வீடுதோறும் ஒரே கேள்வி எழுகின்றது. "அடுத்து என்ன?" என்பதே அக்கேள்வி. அதற்கு விடை கூறுவோர் பலர். தந்தை ஒன்று கூறுவார். தாய்மாமன் மற்றொன்று கூறுவார். அண்டை வீட்டார் மூன்றாவது ஒன்றைக் கூறுவார். வாய் திறவாது நிற்பவர் ஒருவர் மட்டுமே. அவரே அந்த வழியில் நடக்க வேண்டியவர்!

விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் பல்லாண்டுகள் ஆசிரியனாய்ப் பணியாற்றியவன் என்ற முறையில் இன்னொன்றையும் கூற வேண்டும். எங்கள் பகுதியில் இக்கேள்விக்கு வாரக்கூலியும் விடை கூறுவதுண்டு. வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டும் தாயையும், பட்டாசு ஆலையில் முன்பணம் பெற்றுவிட்ட தந்தையையும் உடைய சிறுவனுக்குத் தேர்வு முடிவு வருமுன்னரே வழி முடிவாகிவிடுவதுண்டு. அதனைத் தேர்வு என்று கூறலாமா? பல வழிகளைக் கண்டு, அவற்றுள் ஒன்றைக் கொள்வதே தேர்வு. ஒரே வழியைக் கண்டு அதிற் செல்வது தேர்வன்று, தள்ளப்படுதல்.

"தொழில் நகரத்திற் பிறந்தவனுக்குப் படிப்பு எதற்கு? கைத்தொழில் தானே இவ்வூரை வளர்த்தது?" என்று வினவுவோர் உண்டு. அவர்கள் தம் ஊரின் வரலாற்றைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். மழை குறைந்த கரிசற் காடு; விளைச்சலை நம்பி வாழ இயலாத நிலம். இந்நிலையில் 1922ஆம் ஆண்டில் அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இளைஞர் இருவர் சிவகாசியினின்று கல்கத்தா சென்றனர். பொருள் ஈட்டுதற்கு அவர்கள் செல்லவில்லை. தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றற்கே சென்றனர். கற்றுத் திரும்பிய பின்னரே இங்குத் தொழில் தொடங்கிற்று. தீப்பெட்டியின்மேல் ஒட்ட வண்ணச் சீட்டுத் தேவைப்பட்டது. அதனால் அச்சகங்கள் தோன்றின. தீப்பெட்டியின் வழியிலே பட்டாசும் வந்தது. இன்று நாடெங்கும் சுவர்களில் தொங்கும் நாட்காட்டிகளில் பெரும் பங்கு சிவகாசியில் அச்சானவையே. முதலில் கல்வி, பின்னர்த் தொழில், அதன் பின்னரே பொருள் என்பதே இவ்வூர் வளர்ந்த முறை. அம்முறையைத் தலைகீழாக்கி, முதலிற் கூலியைக் காண்பவன் முன்னோர் வழியிற் செல்பவன் ஆகான்.

"காமராசர் கல்லூரியிற் பயின்றாரா?" என்று மற்றொரு வினாவையும் மாணவர் எழுப்புவர். விருதுநகரிற் பிறந்த அப்பெருந்தகை இளமையிலேயே பள்ளியை விட்டு நீங்கியவர் என்பது உண்மை. அவர் பயின்ற சத்திரிய வித்தியாசாலை, இல்லத்தரசியர் உலையில் இடுமுன் எடுத்து வைத்த பிடி அரிசியாலும், வணிகர் அளித்த மகமையாலும் வளர்ந்த பள்ளி. ஆயினும் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராய் இருந்தபோது அவர் செய்தது யாது? ஊர்தோறும் பள்ளி திறந்தார். 1956இல் பள்ளிகளிற் பகலுணவுத் திட்டத்தைக் கொணர்ந்தார். தமக்கு வாய்க்காத கல்வி பிறர்க்கும் வேண்டாம் என்று அவர் கருதவில்லை. தமக்கு வாய்க்காததனாலேயே அது பிறர்க்கு வாய்க்க வேண்டும் என்று கருதினார். பள்ளியை விடுதற்குக் காமராசரைச் சான்று காட்டுவோர் அவர் வாழ்க்கையின் முதற்பக்கத்தை மட்டும் படித்தவர் ஆவர்.

சட்டமும் இன்று மாணவர் பக்கம் நிற்கின்றது. சிவகாசிச் சிறுவர்களின் நிலை குறித்து எம். சி. மேத்தா என்னும் வழக்கறிஞர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பு வழங்கிற்று. சட்டத்தை மீறிச் சிறுவரை வேலையில் அமர்த்திய முதலாளி, சிறுவர் ஒருவர்க்கு 20,000 ரூபாய் வீதம் அவர்தம் நலனுக்கான நிதியிற் செலுத்த வேண்டும் என்றது அத்தீர்ப்பு. 2016இல் திருத்தப் பெற்ற சட்டத்தின்படி, பதினெட்டு வயது நிரம்பாத எவரையும் வெடிமருந்துத் தொழில் போன்ற அபாயமான தொழில்களில் அமர்த்துதல் கூடாது. எனவே பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையைப் பட்டாசு ஆலைக்கு அனுப்புதல் அறிவுடைமையும் அன்று, சட்டமும் அன்று.

இத்தொழிலின் அபாயத்தை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள், நாடு ஆசிரியர் நாளைக் கொண்டாடிய அன்று, சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நிகழ்ந்த விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உயிருக்கு மட்டுமன்றி வேலைக்கும் இத்தொழிலில் உறுதி குறைவு. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த பட்டாசுகளையும் சரவெடிகளையும் தடை செய்தது. அதனைத் தொடர்ந்து ஆலைகள் பல மாதங்கள் மூடிக் கிடந்தன. காற்றின் தூய்மை கருதிப் பிறந்த ஆணை அது; அதன் நியாயத்தை இங்கு ஆராய வரவில்லை. திரி வைப்பதொன்றையே அறிந்த கை, அந்த ஒரு வேலை நின்றதும் வேறெங்கும் செல்ல இயலாது தவித்தது. மின்னியக்கத் தொழிலோ, கணக்கோ, அச்சுக் கலையோ கற்றவர்க்கு ஓர் ஆலையின் கதவு மூடினும் வேறு கதவுகள் உண்டு.

இதனால் பட்டாசுத் தொழிலை இழிவென்று நான் கூறுவதாக எண்ணற்க. பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிடும் தொழில் அது. அத்தொழிலுக்கே கற்றவர் வேண்டும். எந்த மருந்து எதனோடு சேர்ந்தால் தீப்பற்றும் என்பதை வேதியியல் கற்றவர் அறிவார். உராய்வினின்றும் வெப்பத்தினின்றும் தொழிலாளியைக் காக்கும் முறையைப் பொறியியல் கற்றவர் வகுப்பார். பிறந்த ஊருக்குத் தொண்டு செய்ய விரும்பும் மாணவன் மருந்து கலக்கும் அறைக்குள் கூலியாளாகவே நுழைய வேண்டும் என்பதில்லை. அவ்வறையைப் பாதுகாப்புடையதாக ஆக்கும் அறிவோடும் நுழையலாம்.

இனி, வழிகள் யாவை என்று காண்போம். பத்தாம் வகுப்பிற்குப் பின் மேல்நிலை வகுப்பிற் சேரலாம். இங்குப் பாடப்பிரிவைக் கொள்ளும்போது விழிப்பு வேண்டும். கணிதத்தை விட்டவர்க்குப் பொறியியற் பிரிவுகளிற் பெரும்பாலானவை அடைபடும். உயிரியலை விட்டவர்க்கு மருத்துவம் எளிதில் எட்டாது. வணிகவியல் பயில்வோர் பட்டயக் கணக்கர் வரை உயரலாம். மேல்நிலைக் கல்வியை விரும்பாதார் பல்தொழில்நுட்பப் பயிலகத்தில் மூன்றாண்டு பட்டயப் படிப்பிற் சேரலாம். அல்லது தொழிற்பயிற்சி நிலையத்தில் ஓராண்டோ ஈராண்டோ ஒரு தொழிலைப் பயிலலாம்.

இவ்வழிகள் தனித்தனிச் சுவர்களாற் பிரிக்கப்பட்டவை அல்ல. படிக்கட்டுகள் போல் ஒன்றோடொன்று இணைந்தவை. தொழிற்பயிற்சி நிலையத்தில் ஈராண்டு பயின்றவர் பட்டயப் படிப்பின் இரண்டாம் ஆண்டிற் சேர இடமுண்டு. பட்டயம் பெற்றவர் பொறியியற் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டிற் சேர இடமுண்டு. தொழிற்பயிற்சியிற் சேர்ந்ததனால் தம் கல்வி முடிந்துவிட்டதென்று எவரும் வருந்த வேண்டா.

கல்லூரிக்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதும் இல்லை. விருதுநகரில் 1947 முதல் செந்திக்குமார நாடார் கல்லூரியும், சிவகாசியில் 1963 முதல் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியும் இயங்கி வருகின்றன. மகளிர்க்கெனத் தனிக் கல்லூரிகள் இரு நகரங்களிலும் உள. 2022இல் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பெற்றது. பொருளில்லாதார்க்கும் உதவி உண்டு. அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்று உயர்கல்விக்குச் செல்லும் மாணவியர்க்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022இலும், மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கப்பெற்றன. உதவி இருந்தும் அறியாமையால் இழப்பதைப்போன்ற வறுமை வேறில்லை. பள்ளியைவிட்டு நீங்குமுன் ஆசிரியரை அணுகி, தத்தமக்குரிய உதவிகளைக் கேட்டறிதல் மாணவர் கடமை.

வழிகள் பலவாயின், எதனைக் கொள்வது? உங்களை நீங்களே வினவிக்கொள்ள மூன்று கேள்விகளைத் தருகின்றேன்.

முதலாவது: "எவரும் ஏவாமலே நான் செய்யும் வேலை யாது?" பழுதான மின்விசிறியைக் கழற்றிப் பார்ப்பவன், தம்பி தங்கையர்க்குப் பாடம் சொல்லித் தருபவள், கடைக் கணக்கைத் தவறின்றி எழுதுபவன் ஆகிய ஒவ்வொருவரிடத்தும் ஒரு குறிப்பு மறைந்துள்ளது. மதிப்பெண் காட்டாததை அக்குறிப்பு காட்டும்.

இரண்டாவது: "நான் விரும்பும் தொழிலை அருகிருந்து கண்டேனா?" மருத்துவர் ஆக விரும்புவோர் பலர், மருத்துவமனையில் ஓர் இரவு விழித்திருந்தோர் சிலர். அத்தொழில் செய்வாரை அணுகி, அவர்தம் ஒரு நாளின் அலுவலை வினவி அறிக. விடுமுறையில் ஒரு நாள் உடனிருந்து பார்த்தல் இன்னும் நன்று.

மூன்றாவது: "இவ்வழி அடைபட்டால் அடுத்த வழி யாது?" எத்தனை ஆண்டு, எவ்வளவு செலவு, இடையில் நின்றால் கையில் மிஞ்சுவது என்ன என்பவற்றை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். இரு வழிகளும் ஒப்பத் தோன்றுமாயின், பின்னர் மிகுதியான கதவுகளைத் திறக்கும் வழியையே கொள்ளுங்கள்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். பிள்ளையின் வாழ்க்கையை அவனே வாழ வேண்டும். ஆயினும் பதினைந்து வயதில் அவனைத் தனியே விட்டுவிடுதலும் முறையன்று. ஆணையிடுதலுக்கும் கைவிடுதலுக்கும் நடுவே ஒரு நிலை உண்டு. அதுவே துணை நிற்றல். மகனுக்குக் கூறும் அனைத்தும் மகளுக்கும் பொருந்தும். "அவள் வேறு வீட்டிற்குச் செல்பவள்" என்று கூறி அவள் கையில் பசைக் கிண்ணத்தைத் தருதல் அறமன்று. அவளுக்குக் கல்வியைத் தந்தால், செல்லும் வீட்டிற்கும் அதனை எடுத்துச் செல்வாள். முன்பணத்தைத் திருப்ப வழி தேடுங்கள். அதனை அடைக்கும் பொருளாகப் பிள்ளையைக் கருதாதீர்கள்.

மாணவ நண்பர்களே, மூன்று கேள்விகளுக்கும் விடையைத் தனித்திருந்து எழுதுங்கள். அத்தாளை முதலில் தாய் தந்தையரிடமும், பின்னர் நீங்கள் நம்பும் ஓர் ஆசிரியரிடமும் காட்டுங்கள். அவர்கள் கூறும் தடைகளையும் அதன் கீழே குறித்துக்கொள்ளுங்கள். தடைகளுள் பொருளைப் பற்றியது எது, அச்சத்தைப் பற்றியது எது, வழக்கத்தைப் பற்றியது எது எனப் பிரித்துப் பாருங்கள். பொருளின் தடைக்கு உதவித்தொகை உண்டு. அச்சத்தின் தடைக்கு நேரிற் கண்டறிதல் மருந்து. வழக்கத்தின் தடையை மட்டும் நீங்களே பணிவோடும் உறுதியோடும் தாண்ட வேண்டும். அடுத்த ஆண்டு பள்ளி திறக்கும் நாளில் நீங்கள் எங்கு நிற்க வேண்டும் என்பதை அந்தத் தாளில் உங்கள் கையெழுத்தே கூறட்டும்.