கயிறு சொல்லும் வலு



உடப்புக் கரையில் கரைவலை இழுபடுவதைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். வலை இன்னும் தொலைவில், தண்ணீருக்குள் இருக்கும்போதே, கயிற்றின் முன்னால் நிற்கிறவர் "இன்றைக்குப் பாரம் இருக்கு" என்று சொல்லிவிடுவார். வலை இழுப்பவர்கள் பாடும் அம்பாப் பாட்டின் தாளத்துக்கு ஏறி இறங்கும் அந்தக் கயிறு அவருடைய உள்ளங்கைக்குச் செய்தி கொண்டுவந்திருக்கும். இன்று நான் பேச வந்திருப்பது எஞ்சினின் வலுவை அளக்கும் கலையைப் பற்றி. அதற்கும் கயிற்றுக்கும் நெருங்கிய உறவு உண்டு. கராஜ்களில் அந்த அளவைக் கருவியை 'டைனோ' என்கிறார்கள். டைனமோமீட்டர் என்பதன் சுருக்கம் அது.

சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரைக்கும் எந்தக் கராஜிலும் இந்தப் பேச்சு நடக்கும். ஒரு பொடியன் தன் காரின் எயார் பில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டுத் திறந்த கூம்பு பில்டர் பூட்டியிருப்பான். இன்னொருவன் எக்ஸோஸ்ட் மெனிபோல்டை மாற்றி 'ஹெடர்' போட்டிருப்பான். மூன்றாமவன் சைலன்சரை மாற்றியிருப்பான். எஞ்சினைத் திறக்காமல், போல்ட்டைக் கழற்றிப் பூட்டிச் செய்துவிடக்கூடிய மாற்றங்கள் இவை. "என்ன வித்தியாசம்?" என்று கேட்டால் "இழுவை கூடியிருக்கு" என்பார்கள். எப்படித் தெரியும் என்று கேட்டால் சத்தத்தைச் சொல்வார்கள். காது நேர்மையான உறுப்புத்தான். ஆனால் அது சத்தத்தை மட்டுமே அளக்கிறது. சத்தம் கூடினால் வேகமும் கூடியதாக மனம் சேர்த்து எழுதிக்கொள்கிறது. ஐந்து குதிரைவலு, பத்துக் குதிரைவலு என்று பெட்டியில் அச்சடித்து விற்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

காதை நம்பாமல் அளக்க வேண்டும் என்ற எண்ணம் பழையது. பிரான்சில் காஸ்பார் டி புரோனி என்ற பொறியியலாளர் 1821இல் ஒரு வழி கண்டார். சுழலும் தண்டை இரண்டு மரக்கட்டைகளால் இறுக்கிப் பிடித்து, அதிலிருந்து ஒரு நீண்ட கையை நீட்டி, அந்தக் கை சுழன்றுவிடாமல் நிற்க எவ்வளவு எடை தொங்கவிட வேண்டும் என்று பார்த்தார். எடை, கையின் நீளம், தண்டின் சுழற்சி வேகம். இந்த மூன்றும் தெரிந்தால் வலு தெரிந்துவிடும். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர்கள் இதன் தம்பியைப் பார்த்திருப்பார்கள்: உருளையைச் சுற்றி ஒரு கயிறு, ஒரு முனையில் எடை, மறுமுனையில் வில் தராசு. கயிறு சூடேறிப் புகையும். தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 1877இல் வில்லியம் புரூட் என்ற ஆங்கிலேயர் மரத்துக்கும் கயிற்றுக்கும் பதிலாகத் தண்ணீரையே பிரேக்காக ஆக்கினார். பிரித்தானியக் கடற்படைக்குத் தன் கப்பல் எஞ்சின்களின் வலு தெரிய வேண்டியிருந்தது, அதற்காகச் செய்தது. அதே முறையில் இயங்கும் மேடைகள் இன்றும் உலகெங்கும் இருக்கின்றன. ஆக, இது கடலோரத்து மக்களுக்கு அந்நியமான கலை அல்ல.

கார்களுக்கான மேடையில், வாகனத்தைப் பட்டிகளால் இறுக்கிக் கட்டி, எஞ்சின் சுழற்றும் சில்லுகளைக் கனமான இரும்பு உருளையின் மேல் நிறுத்துவார்கள். முன்னால் பெரிய மின்விசிறி. ஒரே கியரில், குறைந்த சுழற்சியிலிருந்து உச்சம் வரை அக்சிலேட்டரை முழுதாக மிதிப்பார்கள். உருளையின் பாரம் தெரியும். அது எவ்வளவு விரைவாக வேகமெடுக்கிறது என்பதிலிருந்து கணினி வலுவைக் கணக்கிட்டுக் கோடாக வரையும். சில்லில் கிடைக்கும் இந்த எண், எஞ்சினின் உண்மையான வலுவைவிடக் குறைவாகவே வரும். கியர்ப் பெட்டியும் டயரும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்கின்றன. அதைப் பார்த்து மனமுடைய வேண்டியதில்லை.

இனி எஞ்சினின் மூச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். டர்போ இல்லாத எஞ்சின் தானாகவே மூச்சு வாங்குகிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது, வெளியே இருக்கும் காற்றின் அழுத்தந்தான் காற்றை உள்ளே தள்ளுகிறது. வேறு உதவி இல்லை. ஒரு லீற்றர் பெற்றோல் எரிய ஏறக்குறைய 9,000 லீற்றர் காற்று வேண்டும். எனவே வலு என்பது காற்றின் கணக்கு. நுவரெலியாவில் மகாகஸ்தோட்ட மலையேற்றக் கார்ப் போட்டி 1934இலிருந்து நடந்து வருகிறது. கடல் மட்டத்திலிருந்து 1,900 மீற்றர் அளவு உயரம். புத்தளத்துக் காற்றழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு அங்கே இல்லை. எஞ்சினின் வலுவிலும் ஏறக்குறைய அதே பங்கு போய்விடும். எந்தப் பில்டரும் அதைத் திருப்பித் தராது.

போல்ட்டில் பூட்டும் பாகங்களால் ஆகக்கூடியது ஒன்றே ஒன்று: வழியில் இருக்கிற அடைப்பை நீக்குவது. அடைப்பு இருந்தால் பலன் இருக்கும், இல்லாவிட்டால் இருக்காது. நமது படகுகளிலேயே இதற்கு நல்ல சாட்சி உண்டு. 9.9 குதிரைவலு என்றும் 15 குதிரைவலு என்றும் விற்கப்பட்ட இரண்டு வெளியிணைப்பு எஞ்சின்கள் பல மாதிரிகளில் ஒரே உடம்புதான். சிறியதில் காபரேட்டரின் வாயையோ உள்ளிழுக்கும் வழியையோ தயாரித்தவர்களே ஒடுக்கி வைத்திருப்பார்கள். அந்த ஒடுக்கத்தை எடுத்தால் வலு பாதிக்குப் பாதி கூடும். ஆனால் சாதாரண ஜப்பான் காரில் அப்படி ஒடுக்கி வைத்த இடம் அரிது. பில்டர் ஒன்றை மட்டும் மாற்றினால் வருவது பெரும்பாலும் ஒன்றிரண்டு குதிரைவலு. சில நேரம் எதுவுமே வராது. அதோடு, கற்பிட்டித் தீபகற்பத்தின் மணலும் உப்புக்காற்றும் வீசும் இடத்தில் எஞ்சின் அறைக்குள் திறந்த பில்டர் வைப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். அது இழுப்பது எஞ்சினின் சூட்டுக் காற்றை, கூடவே தூசியை.

ஹெடரின் கதை வேறு. நான்கு குழாய்களும் ஒரே இடத்தில் கூடும் அமைப்பு, உயர்ந்த சுழற்சியில் வலுவைக் கூட்டிக் கீழே குறைத்துவிடக்கூடும். இரண்டிரண்டாகச் சேர்ந்து பிறகு ஒன்றாகும் அமைப்பு நடுப்பகுதிக்கு நல்லது. கொழும்பு-புத்தளம் வீதியில் பஸ்களுக்குப் பின்னால் இரண்டாயிரத்துக்கும் மூவாயிரத்துக்கும் இடைப்பட்ட சுழற்சியில் ஓட்டுகிறவருக்கு, ஆறாயிரத்தில் கிடைக்கும் உச்ச எண்ணால் என்ன பயன்? கட்டுகுருந்தை ஓடுபாதையில் பந்தயம் ஓடுகிறவருக்கு அது வேண்டும். டைனோவின் உண்மையான கொடை உச்ச எண் அல்ல, முழுக் கோடுதான். அந்தக் கோட்டில் தான் நாளும் ஓட்டுகிற பகுதியைப் பார்க்கத் தெரிந்தவரே அதைப் படிக்கத் தெரிந்தவர்.

இந்தக் கலையின் ஒழுக்கத்துக்கு வருகிறேன். நான் இதை மதிப்பதற்கு முதற் காரணமே அதுதான். காலை 25 பாகை வெப்பத்தில் ஓட்டிவிட்டு, மத்தியானம் 32 பாகையில் புதிய பாகத்தைப் பூட்டி ஓட்டினால், காற்றின் அடர்த்தி நூற்றுக்கு இரண்டு வீதத்துக்கு மேல் குறைந்திருக்கும். பாகம் கொடுத்ததை வெயில் எடுத்திருக்கும். இதைச் சரிக்கட்டத் திருத்தக் கணக்குகள் உண்டு. அமெரிக்க வாகனப் பொறியியலாளர் சங்கத்தின் ஜே 1349 நியமம் 25 பாகை வெப்பத்தையும் 99 கிலோபஸ்கால் உலர்காற்றழுத்தத்தையும் அடிப்படையாகக் கொள்கிறது. பழைய நியமம் ஒன்றின்படி திருத்தினால் அதே எஞ்சின் ஏறக்குறைய நான்கு வீதம் கூடுதலாகக் காட்டும். 'முன்பு' கோட்டை ஒரு நியமத்திலும் 'பின்பு' கோட்டை இன்னொன்றிலும் அச்சிட்டுவிட்டால், எதையும் பூட்டாமலே முன்னேற்றம் காட்டலாம். ஆகவே தாளை வாங்கும்போது எந்த நியமம் என்று கேளுங்கள். டயர்க் காற்று, பட்டியின் இறுக்கம், எஞ்சினின் சூடு எல்லாம் ஒன்றாக இருந்தனவா என்று கேளுங்கள். வேறு கராஜில் எடுத்த எண்ணோடு ஒப்பிடாதீர்கள். இரண்டு மேடைகள் ஒத்துப்போவது அபூர்வம்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். பழைய பாகத்தோடு மூன்று ஓட்டம், புதியதோடு மூன்று ஓட்டம். பிறகு, பலர் செய்யாமல் விடும் படி: புதியதைக் கழற்றிப் பழையதை மறுபடி பூட்டி இன்னும் மூன்று ஓட்டம். முதல் எண் திரும்பி வந்தால்தான் இடையில் வந்த மாற்றம் பாகத்தால் வந்தது. திரும்பி வராவிட்டால், நாம் அளந்தது பாகத்தை அல்ல, நாளின் போக்கை.

படகு எஞ்சினை ஏற்றும் மேடை நமது துறைகளில் இல்லையே என்று கேட்பீர்கள். கயிறு இருக்கிறது. படகின் பின்பக்கத்திலிருந்து கயிறு எடுத்து, உறுதியான தூணில் கட்டி, இடையில் ஒரு கொக்கித் தராசைத் தொங்கவிடுங்கள். 15 குதிரைவலு வரைக்கும் 200 கிலோ அளக்கும் தராசு போதும். எஞ்சினை முழுதாகத் திருகினால் இழுவை எவ்வளவு என்று தராசு சொல்லும். இழுவைக் கப்பல்களின் பலத்தையும் இப்படித்தான் அளக்கிறார்கள். கயிற்றின் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக்கூடாது. அறுந்தால் உயிரைப் பறிக்கும். எஞ்சினை நிறுத்தும் கயிறு ஓட்டுகிறவர் கையில் கட்டியிருக்க வேண்டும். நின்ற இடத்தில் இழுக்கும்போது எஞ்சின் அதன் உச்சச் சுழற்சிக்குப் போகாது. எனவே கடலேரியின் அமைதியில், ஒரே தூரத்தைப் போகவும் வரவும் ஓடி, ஜீபிஎஸ் வேகத்தையும் அளவுப் போத்தலில் குறைந்த எண்ணெயையும் சேர்த்து எழுத வேண்டும்.

எண்ணெயை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2012 பெப்ரவரியில், படகு எஞ்சின்கள் குடிக்கும் மண்ணெண்ணெய் லீற்றருக்கு 71 ரூபாவிலிருந்து 106 ஆனபோது, சிலாபத்தில் மீனவர்கள் வீதிக்கு வந்தார்கள். அந்தப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டில் ஒரு மீனவர் உயிரிழந்தார். 2022 ஓகஸ்ட்டில் 87 ரூபாவாக இருந்தது ஒரே இரவில் 340 ஆனது. முழு வேகத்தில் மணிக்கு ஆறேழு லீற்றர் குடிக்கும் எஞ்சினை வைத்திருக்கிறவருக்கு, "வலு கூடியதா?" என்பதைவிட "ஒரு லீற்றரில் எவ்வளவு தூரம்?" என்பதே பெரிய கேள்வி. இந்தக் கலை பந்தயக்காரர்களின் பொழுதுபோக்காக மட்டும் நின்றுவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

கற்பிட்டியில் என் மச்சான் தன் எஞ்சினின் உள்ளிழுக்கும் மூடியைக் கழற்றிவிட்டு, வேகம் கூடிவிட்டது என்று உறுதியாக நம்பினார். சத்தம் உண்மையில் கம்பீரமாகத்தான் இருந்தது. ஒரு விடியற்காலை, காற்று எழும்பும் முன், படகைத் தூணில் கட்டினோம். மூடியோடு மூன்று தரம், மூடியில்லாமல் மூன்று தரம், மறுபடி மூடியோடு மூன்று தரம். முள் ஒரே இடத்தில் நின்றது. அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு தானாகவே, அடிபட்டு வளைந்த பழைய புரொப்பெல்லரைக் கழற்றி, பிட்ச் இரண்டு அங்குலம் குறைந்த வேறொன்றைப் பூட்டினார். திருகியபோது கயிறு விறைத்தது. நான் தராசைப் பார்க்குமுன் அவர் கயிற்றின் கட்டைத் தொட்டுப் பார்த்தார்; பிறகு முள்ளைப் பார்த்தார்; பிறகு சோக்கட்டியை எடுத்துப் படகின் பக்கப் பலகையில் எண்ணை எழுதி, "இன்னும் ரெண்டு தரம் பாத்திட்டுத்தான் சொல்லுவன்" என்றார்.