வடுவூர் ஏரியில் ஒரு பகற்பொழுது

தஞ்சையிலிருந்து மன்னார்குடிக்குச் செல்லும் சாலையில், கோதண்டராமர் கோயிலால் கீர்த்தி பெற்ற வடுவூரில், மேட்டூர் அணையின் நீர் வந்து நிரம்பிய ஏரிக்கரைமீது மார்கழி விடியலில் நின்று, பனித்திரை மெல்ல விலக விலக, மரங்களின்மேல் வெண்மலர்க் கொத்துகளாய்த் தோன்றியவை அரிவாள்மூக்கன் பறவைகளாகிச் சிறகு விரித்ததைக் கண்ட ஆனந்தத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

1999ஆம் ஆண்டில் சரணாலயமாகி, 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் ஒப்பந்தப் பட்டியலில் இடம்பெற்ற அவ்வேரியின் பரப்பு ஏறத்தாழ 128 ஹெக்டேர். இமயத்துக்கு அப்பாலிருந்து ஊசிவால் வாத்துகள் வருகின்றன. நெற்றியில் வெண்ணாமம் தரித்த நாமக்கோழிகள் கூட்டமாக நீந்துகின்றன.

ஆயினும் என் ஹிருதயத்தைக் கவர்ந்தது நத்தைகுத்தி நாரையே. அதன் அலகுகள் நுனியில் சேர்ந்து நடுவில் விலகியிருப்பதை அங்கஹீனம் என்று எண்ணிவிடலாகாது. குஞ்சுப் பருவத்தில் இல்லாமல், வயது ஏற ஏற உண்டாகும் அந்த இடைவெளியோடு கூடிய அலகைக் கொண்டுதான், வயற்சேற்றில் துழாவியெடுத்த நத்தையின் சதையை ஓட்டிலிருந்து அது அத்தனை லாவகமாக உருவுகிறது. நெற்பயிரைக் கடிக்கும் நத்தையையும் நண்டையும் உண்ணும் இப்பறவையை உழவனின் மித்திரன் என்றே சொல்வேன்.

கும்பகோணத்தை அடுத்த சத்திமுற்றத்துப் புலவர், வறுமையில் தம் மனைவிக்குத் தூது அனுப்பத் தேர்ந்ததும் ஒரு நாரையைத்தானே! அஸ்தமன வேளையில், பச்சைச் சம்பா வயல்களைக் கடந்து நத்தைகுத்தி நாரைகள் வரிசை வரிசையாக ஏரிக்குத் திரும்பின.