ஓர் உறை, ஒரு மாற்றம்

பொம்மையார்பாளையத்தில் கருவாடும் ஊறுகாயும் பாக்கெட் போட்டு விற்கும் குழுப் பெண்களுக்கும், கைபேசியில் இதை வாசிக்கும் உங்களுக்கும் சேர்த்தே பேசுகிறேன்.

சுற்றுச்சூழலுக்கு ஏற்ற பொருள் செய்யணும்னு சொன்னா, எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தணுமோன்னு மலைச்சுப் போறோம். அந்த மலைப்பிலேயே ஒண்ணையும் மாத்தாம விட்டுடறோம். ஒரு பொருளில் செய்யும் சின்ன மாற்றம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம்ம கடற்கரையிலேயே சாட்சி இருக்கு.

கடலூர் சின்னி கிருஷ்ணன், ஷாம்பூ போன்ற பொருட்களைச் சின்ன பாக்கெட்டில் அடைத்து விற்பதில் முன்னோடி. அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983ல் தொடங்கிய சிக் ஷாம்பூ, அந்தச் சாஷேயைக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனது. பாட்டில் வாங்க முடியாதவங்க கையிலும் ஷாம்பூ கிடைச்சது. அது பெரிய நன்மை. ஆனா, பல அடுக்குகளை ஒட்டிச் செய்யும் உறையைப் பிரித்தெடுப்பது கடினம். பழைய பொருள் கடையில் அதற்கு மதிப்பில்லை. அதனால் அது வாய்க்காலுக்கும் கடலுக்கும் போகிறது.

சின்ன மாற்றம் குப்பையைக் கூட்டும்னா, சின்ன மாற்றம் குறைக்கவும் செய்யும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக்குக்குத் தடை. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்க இன்னொரு பட்டியல் தடைக்கு வந்தது. காது குடையும் பட்ஸ் இப்போ காகிதக் குச்சியில் வருது, பாத்தீங்களா? பஞ்சு அதேதான், குச்சி மட்டும்தான் மாறியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல், மூன்று லிட்டர் வரையிலான பிளாஸ்டிக் பான பாட்டில்களின் மூடி, திறந்த பிறகும் பாட்டிலோடு ஒட்டியே இருக்க வேண்டும். மூடி தனியாகக் கடற்கரைக்கு வராமல் இருக்க அந்த ஒரு மாற்றம்.

ஏன் படிப்படியாக? கருவாட்டையே எடுத்துக்குங்க. நல்லது செய்யறோம்னு திடீர்னு வெறும் காகிதப் பைக்கு மாறினால், கடற்கரை ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். சரக்கு மொத்தமும் குப்பைக்குப் போனால், மீன் பிடித்த டீசலும் உழைப்பும் சேர்ந்தே வீண். கடைக்காரர் அடுத்த முறை வாங்கவும் மாட்டார். செய்தித்தாளில் மடிப்பதும் கூடாது. அச்சு மை உணவில் இறங்கும்.

அதனால் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்:

முதலில், தேவையில்லாத இரண்டாவது உறையை எடுத்துவிடுங்கள். ஒரு நாளைக்கு 40 பாக்கெட், வருஷத்துக்கு 300 நாள்னு வெச்சுக்குவோம். 12,000 உறை மிச்சம். அந்தக் காசும் குழுவுக்குத்தான்.

அடுத்து, அளவு. 100 கிராம் சரக்குக்குக் கால் கிலோ பிடிக்கும் உறை எதுக்கு?

மூன்றாவதாக, பல அடுக்கு உறைக்குப் பதிலாக, உணவுக்கு ஏற்ற ஒரே வகைப் பொருளாலான உறை. வாங்கும் முன் உங்கள் ஊர் தூய்மைக் காவலரிடமோ பழைய பொருள் கடையிலோ காட்டி, "இதை எடுத்துக்குவீங்களா?"ன்னு கேளுங்க. பத்து பாக்கெட் மட்டும் போட்டு, விற்பனைக் காலம் முழுக்க வைத்துப் பாருங்கள். கெடாமல் இருந்தால் மட்டும் முழுசா மாறுங்க.

கடைசியாக, திரும்பி வரும் பாத்திரம். கோலி சோடா பாட்டில் கடைக்கே திரும்பிப் போனதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். 2022ல் நீலகிரியில் டாஸ்மாக் மதுபாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தந்தார்கள். பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் அது வந்தது. உங்கள் ஊறுகாய் ஜாடிக்கும் உள்ளூர் வாடிக்கையாளரிடம் இதைச் செய்யலாம். திரும்பி வரும் ஜாடியை வெந்நீரில் நன்றாகக் கழுவி, ஈரமில்லாமல் காயவைத்துத்தான் மறுபடி நிரப்பணும்.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கு. சின்ன மாற்றம் செய்த பாக்கெட், பளபளப்பில் கொஞ்சம் மங்கித் தெரியலாம். அதற்காக ஒதுக்கிவிடாதீர்கள். நாம் அதை வாங்கினால்தான் அந்தக் குழு அடுத்த படிக்குப் போகும். இந்த மாதம் உங்கள் வீட்டுக்கு வரும் பொருளில் தேவையில்லாத உறை எதுன்னு பாருங்க, விற்றவரிடமே சொல்லுங்க.