ஆளை ஏற்றிப் பாருங்கள்

பள்ளிக்கூட லீவு நெருங்கிவிட்டால் திருச்சியில் இருக்கும் எங்கள் பைக் ஒர்க் ஷாப்பில் ஒரே கேள்விதான். "அண்ணே, குடும்பத்தோட, ஃபிரண்ட்ஸோட ராமேஸ்வரம் போறோம். வண்டி தாங்குமா?"

புதுக்கோட்டை, காரைக்குடி, தேவகோட்டை, ராமநாதபுரம் வழியாகப் போனால் ராமேஸ்வரம் ஏறக்குறைய 230 கிலோமீட்டர். 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறந்த பிறகு, தனுஷ்கோடியைப் பார்க்காமல் யாரும் திரும்புவதில்லை. தாங்குமா என்று கேட்பவரிடம் நான் உடனே பதில் சொல்வதில்லை. "பின்னாடி யார் உட்காரப் போறாங்க? அவங்களையும் பையையும் ஒரு நாள் கூட்டிட்டு வாங்க" என்பேன். வண்டியைக் காட்ட வந்தால் வீட்டுக்காரம்மாவைக் கேட்கிறாரே என்று சிலர் முழிப்பார்கள்.

காரணம் இருக்கிறது. வருடம் முழுவதும் நீங்கள் ஒற்றை ஆளாக ஆபீசுக்குப் போய் வருகிறீர்கள். காற்று, செயின், பின் ஷாக், ஹெட்லைட் எல்லாமே அந்த ஒற்றை ஆளுக்குத்தான் பழகியிருக்கின்றன. பயணத்தன்று மனைவி ஏறுகிறார், கேரியரில் பை ஏறுகிறது. அந்த எடையில் பெரும்பகுதி போய் இறங்குவது பின்சக்கரத்தின் மேல். அன்றைக்கு நீங்கள் ஓட்டப்போவது வேறு வண்டி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் செயின். செயினைப் பற்றிப் பேச விட்டால் மதியச் சாப்பாட்டை மறந்துவிடுவேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். நேயர்களே, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன கோடையில் ஒருவர் வந்தார். செயினை வீணைத் தந்தி மாதிரி முறுக்கி வைத்திருந்தார். "லூசா இருந்தா சத்தம் வருதுண்ணே, நானே டைட் வச்சேன்" என்றார். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, கீழ்ப்பக்கச் செயினை நடுவில் ஒரு விரலால் மேலே தள்ளிக் காட்டினேன். லேசாக ஆடியது. பிறகு ஸ்டாண்டை எடுத்து, அவரையும் மனைவியையும் ஏறி உட்காரச் சொன்னேன். இப்போது விரலை வைத்தால் அசையவே இல்லை. அந்த அம்மா இறங்கி வந்து குனிந்து பார்த்துவிட்டு, "அப்ப நான் ஏறினதாலதான் இது இறுகிப்போச்சா?" என்று கேட்டார். "நீங்க ஏறினது தப்பில்லம்மா, நீங்க ஏறுவீங்கன்னு சார் நினைக்காததுதான் தப்பு" என்றேன். அவர் கணவரைப் பார்த்த பார்வையை வானொலியில் விவரிக்க முடியாது.

அங்கே நடந்தது இதுதான். பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் சுவிங் ஆர்ம் ஒரு போல்ட்டில் மேலும் கீழும் ஆடுகிறது. செயினை இழுக்கும் முன் ஸ்பிராக்கெட் அந்த போல்ட் இருக்கும் இடத்தில் இல்லை. சற்று முன்னால் இருக்கிறது. ஆள் ஏறி ஷாக் அமுங்கும்போது முன் ஸ்பிராக்கெட், அந்த போல்ட், பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டுக்கு வரும். அப்போதுதான் செயின் அதிகபட்சமாக இழுபடும். ஸ்டாண்டில் தெரிந்த ஆட்டம் அங்கே காணாமல் போகிறது. இந்த நிலையில் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தால், இழுக்க இடமில்லாத செயின் கியர் பாக்ஸ் பேரிங்கை இழுக்கும், இல்லை தானே அறும். ரொம்பத் தளர்வாக இருந்தாலும் ஆபத்துதான். ஸ்பிராக்கெட்டை விட்டு நழுவிச் சிக்கினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

எவ்வளவு ஆட்டம் வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். பெரும்பாலான வண்டிகளுக்கு இரண்டு, மூன்று சென்டிமீட்டர். வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் இருக்கிறது. அதை பீரோவிலிருந்து எடுங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றி நாலைந்து இடத்தில் பாருங்கள், ஏனென்றால் பழைய செயின் ஒரே சீராகத் தேயாது. கை என்று சொன்னேன். இன்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டு, துணியோடு செயின் துடைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். விரல் போய்விடும். பின் ஸ்பிராக்கெட்டின் கடைசியில் செயினைப் பிடித்துப் பின்னால் இழுங்கள். பாதிப் பல் வெளியே தெரிந்தால் செயின் மட்டும் மாற்றிப் பயனில்லை, செட்டாக மாற்ற வேண்டும். முழு உறை போட்ட வண்டிகளில் சின்ன ரப்பர் மூடி ஒன்று இருக்கும். அதைக் கழற்றி விரலை விட்டுப் பார்க்கலாம். பலருக்கு அப்படி ஒரு மூடி இருப்பதே தெரியாது.

மற்றவை சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். டயர் காற்றுக்குத் தனி ஆளுக்கு ஓர் அளவு, பின்னால் ஆள் இருந்தால் வேறு அளவு. பல வண்டிகளில் செயின் உறை மேலேயே ஸ்டிக்கர் இருக்கும். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பிடிக்க வேண்டும். நூறு கிலோமீட்டர் ஓடிய சூட்டில் அளவு கூடித் தெரியும். பயந்து காற்றை இறக்கிவிடாதீர்கள். பின் ஷாக்கை ஓரிரு படி ஏற்றச் சொல்லுங்கள். ஹெட்லைட்டை யாரும் நினைப்பதில்லை. பின்பக்கம் அமுங்கினால் முன்பக்கம் நிமிரும், வெளிச்சம் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும், உங்கள் சாலை இருட்டாகும். இருட்டின பிறகு எல்லோரும் ஏறி உட்கார்ந்து, காம்பவுண்டுச் சுவரில் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்த்தால் போதும்.

இதையெல்லாம் செய்த பிறகு, பயணத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அதே ஆள், அதே பை, அதே ஹெல்மெட்டோடு முக்கொம்பு வரை ஒரு முறை போய் வாருங்கள். பிரேக் எவ்வளவு முன்னால் பிடிக்க வேண்டும் என்று உங்களுக்குப் புரியும். பின்னால் உட்கார்ந்தவருக்குக் கால் எங்கே சுடுகிறது, பை முதுகில் எங்கே குத்துகிறது என்று தெரியும். துப்பட்டாவும் சேலைத் தலைப்பும் சக்கரப் பக்கம் தொங்காமல் செருகியிருக்கிறதா என்று கிளம்பும்போது மட்டுமல்ல, டீக்கடையில் நின்று ஏறும்போதெல்லாம் பாருங்கள். நான் பார்த்த விபத்துகளில் மனதை விட்டுப் போகாதவை துப்பட்டா சிக்கியவைதான். இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

குடும்பம் என்றதும் கணவன், மனைவி, நடுவில் ஒன்று, டேங்க் மேல் ஒன்று என்று கிளம்புகிறார்களே, அது வேண்டாம். ஓட்டுகிறவருக்குப் பின்னால் ஒருவர், அவ்வளவுதான் சட்டம். நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கும் ஹெல்மெட் கட்டாயம். அதற்குக் குறைந்த குழந்தை என்றால் ஹெல்மெட்டோடு வார்ப்பட்டையும் வேண்டும், 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. 40-இல் ராமேஸ்வரம் போய்ச் சேர்வதற்குள் குழந்தை வதங்கிவிடும். என் யோசனை இது: பாட்டி, சின்னப் பிள்ளைகள், பெரிய பைகள் எல்லாம் ரயிலில் போகட்டும். பாம்பனில் 2025 ஏப்ரலில் புதுத் தூக்குப் பாலம் திறந்தாகிவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்து கடலைப் பார்த்தபடி பிள்ளைகள் போகலாம். பைக்கில் போகிறவர்கள் அங்கே சேர்ந்துகொள்ளலாம். "அது பைக் டிரிப் ஆகாதுண்ணே" என்பார்கள் இளவட்டங்கள். ஆகாவிட்டால் போகட்டும்.

நண்பர்களோடு நாலைந்து வண்டியாகப் போகிறவர்களுக்கு ஒன்று. நூறு சிசி வண்டியில் மனைவியோடு வருகிறவரைக் கடைசியில் விடாதீர்கள். அவர் பின்தங்குவார், பிடிக்கப் பார்ப்பார், வளைவில் துணிந்து முந்துவார். அவரை இரண்டாவதாக வையுங்கள், முன்னால் போகிறவர் கண்ணாடியில் அவரைப் பார்த்தபடி போகட்டும். நன்றாக ஓட்டத் தெரிந்தவர் கடைசியில் வரட்டும். 60-இல் போகும் வண்டி ஒரு நொடியில் சுமார் 17 மீட்டர் கடக்கிறது. பேசிக்கொண்டே ஒட்டி ஓட்டுவதற்கு அந்தச் சாலை நம் தெரு அல்ல. இரவு இரண்டு மணிக்குக் கிளம்புவதும் வீரம் இல்லை, தூக்கம் கெடுவதுதான். கிழக்கு வெளுக்கும்போது கிளம்பினாலே வெயிலுக்கு முன் காரைக்குடியைத் தாண்டிவிடலாம்.

அறுவடைக் காலத்தில் சாலை ஓரத்தில் நெல் காயும். அதன் மேல் பிரேக் பிடிக்காதீர்கள். ராமநாதபுரம் பக்கம் வண்டியைத் தார் ஓரத்தை விட்டு இறக்கி நிழலில் நிறுத்துவீர்கள். அங்கே சீமைக் கருவேல முள் காத்துக்கொண்டிருக்கும். பாம்பன் பழைய ரயில் பாலம் புழக்கத்தில் இருந்தபோது, காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவைத்தார்கள். பக்கத்துச் சாலைப் பாலத்தில் உங்கள் வண்டி எம்மாத்திரம்? பெரிய பஸ் ஒன்று பக்கவாட்டில் கடந்துபோன அடுத்த கணம் காற்று மறுபடி அறையும். ஹேண்டிலை விறைப்பாகப் பிடிக்காமல், வேகத்தைக் குறைத்துப் போனால் சமாளிக்கலாம்.

தனுஷ்கோடி போய் வந்த வண்டி ஒரு வாரத்தில் எங்களிடம் வரும். செயின் முழுக்கச் செம்பழுப்பு. கடல் காற்றும் உப்பு மணலும் செயினுக்கு ஆகாது. ராமநாதபுரம் திரும்பியதும் ஒரு வாட்டர் சர்வீசில் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, செயினுக்கு எண்ணெய் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். அரை மணி நேரம்தான் ஆகும். நீங்கள் மதியம் சாப்பிடும் நேரத்தில் அது முடிந்துவிடும்.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். ஹெல்மெட்டைப் பற்றித் தனியாகப் பேச நினைத்திருந்தேன். ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து, பின்னால் உட்காருகிறவர் தலைக்குச் சரியான அளவில் அவருக்கென்றே ஒன்று வாங்குங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஒரு வேண்டுகோள் மட்டும். கிளம்புவதற்கு முந்தைய நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, "காலையில கிளம்பணும்ணே" என்று சொல்லாதீர்கள். ஒரு வாரம் முன்னாடியே வாருங்கள், வீட்டுக்காரரோ வீட்டுக்காரம்மாவோ, கூட வருகிறவரையும் அழைத்துக்கொண்டு. நல்லபடியாகப் போய் வாருங்கள்.